தரையைத் தொடாத வண்டி

பிக்கரல் ஃபால்ஸ் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் அவசரக் கூட்டம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நார்பர்ட் ஸாஸ்ட்ரோவின் கராஜில் கூடியது. வந்திருந்தோர்: சங்கத் தலைவி ஆர்லீன் ப்ரஸ், மடக்கு நாற்காலியில். வண்டியை விற்பவரான நார்பர்ட், கவிழ்த்துப்போட்ட பால் கூடையில். வெல்டிங் வேலை செய்யும் லைல் க்வாம், மூலையிலிருந்த பெரிய ஃப்ரீசரின் மேல், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. செயலாளராகிய நான், முக்காலியில், நோட்டோடு. பதினொரு மணிக்கு வண்டியை வாங்க வந்த ப்ரென்னா டாலிவர், நின்றுகொண்டு. அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நடுவில், பழைய கம்பளத்தின் மேல், விற்பனைக்குரிய மோட்டார் சைக்கிள்.

உண்மை தனி மனிதர்கள் கையில் இருக்கும்வரை அதற்குப் பாதுகாப்பில்லை. நாலு பேர் கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து நிறைவேற்றினால்தான் அது நிலைக்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் இதை முதன்முதலாக நிலைநாட்டிய பெருமை எங்கள் சங்கத்தையே சேரும்.

விவரம் இதுதான். சென்ற அக்டோபரில் நார்பர்ட் வீடு திரும்பும்போது சாலையைக் கடந்த மானின் மேல் மோதினார். வண்டியின் கழுத்துப் பகுதி, அதாவது கைப்பிடியையும் முன்சக்கரத்தையும் தாங்குகிற சட்டம், விரிசல் விட்டது. லைல் அதை ஒரே மதியத்தில் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, 'புதுசு மாதிரி' ஆக்கினார். அன்று முதல் ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டினால் கைப்பிடி 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டும். நார்பர்ட், சொன்ன பேச்சைக் கேட்கிறவர். வண்டியை விற்றுவிட முடிவு செய்தார்.

விளம்பரத்தில் 'ஒருநாளும் விழுந்ததில்லை' என்று போட்டிருந்தார். வாங்க வரும் பெண் ஃபோனில், "அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆகவே அவசரக் கூட்டம்.

"மான் மேல மோதினியேப்பா, அத என்ன பண்றது?" என்று லைல் பிரச்சினையை எழுப்பினார்.

"மோதினேன். இல்லேங்கல. விழுந்தேனா?" என்றார் நார்பர்ட். "மான்தான் விழுந்துச்சு. வண்டி அதும்மேல சாஞ்சுது."

"தரையில படலையா?"

"ஒரு இஞ்ச் படல. நல்ல கொழுத்த மான்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப விழுந்தது மான். வண்டி படுத்திருந்துச்சு, அவ்வளவுதானே?"

"படுக்கக்கூட இல்ல, தலைவரே. ஓய்வெடுத்துச்சு."

'இவ்வண்டி ஒருநாளும் தரையில் விழுந்ததில்லை' என்ற தீர்மானத்தை லைல் முன்மொழிந்தார், நார்பர்ட் வழிமொழிந்தார், நான் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒருமனதாக நிறைவேறியது. அந்த மகிழ்ச்சியில் நார்பர்ட் சீஸும் மான்கறி சாசேஜும் பரிமாறினார். அதே மான்தான். மீதி லைலுக்குக் கீழே உறைந்திருந்தது.

ப்ரென்னா தன் அண்ணனின் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். அண்ணன் வெளியிலேயே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ப்ரென்னாவுக்கு ஹார்ல்டனில் முதியோர் இல்லத்தில் வேலை. இருபத்தெட்டு மைல், எல்லாம் நெடுஞ்சாலை. கார் செத்துவிட்டது. இன்னொரு நாள் தாமதமாகப் போனால் வேலை போய்விடும். இதையெல்லாம் வந்த உடனே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். வாங்க வருபவர் தன் அவசரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது, விற்பவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுற்றி வந்தார்.

"வலது கைப்பிடி மட்டும் புதுசா இருக்கே சார்?"

"வலது கைக்குத்தானேம்மா வேலை அதிகம்," என்றார் தலைவி.

"கழுத்துக்கிட்ட மட்டும் பெயிண்ட் பளபளன்னு இருக்கு?"

"எல்லாரும் அங்கதான் பாக்கறாங்க," என்றார் லைல். "நீயும் பாத்தியே."

பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வி, சங்கத்தின் நாற்பதாண்டு வரலாற்றில் யாரும் கேட்காதது. "எனக்கு இவ்வளவு கனமான வண்டி பழக்கமில்ல. உங்கள்ல யாராவது நெடுஞ்சாலையில அறுபதுல ஒரு தடவ ஓட்டிக் காட்டறீங்களா? நான் பின்னால பிக்கப்புல வந்து பாக்கறேன்."

நார்பர்ட் உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முட்டிவலிம்மா," என்றார் நார்பர்ட். முந்தின ஞாயிறு அவர் தேவாலய விருந்தில் மூன்று பாட்டுக்கு ஆடியதை நான் பார்த்தேன்.

"இப்பதான் தலை செட் பண்ணிட்டு வந்தேன் கண்ணு. ஹெல்மெட் மாட்டினா அம்புட்டும் போச்சு," என்றார் தலைவி.

"நான் எழுந்தா இந்த ஃப்ரீசர் மூடி திறந்துக்கும்," என்றார் லைல், இரண்டு கையாலும் அதை அழுத்திக்கொண்டு. "கறி கெட்டுடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் நடுவில் எழுந்து போனால் கூட்டக் குறிப்பு அரைகுறையாகிவிடும் என்று நான் தெரிவித்தேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தர்மசங்கடத்தைத் தவிர்க்க நார்பர்ட் தட்டை நீட்டினார். ப்ரென்னா ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். "ஐயோ, பிரமாதம்! நீங்களே சுட்டதா சார்?"

"துப்பாக்கியே இல்லாம," என்றார் லைல். நார்பர்ட்டுக்குப் புரை ஏறியது.

ப்ரென்னா விற்பனைச் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தீர்மான வரி வந்ததும் அவர் முகம் தெளிந்தது. "நாலு பெரியவங்க கையெழுத்துப் போட்டுத் தர்றீங்க. நாலு பேருமா சேர்ந்து பொய் சொல்லப்போறீங்க?"

"அதெப்படிம்மா சொல்வோம்?" என்றார் தலைவி. "பொய்ன்னா ஒருத்தர்தான் சொல்வாங்க."

கையெழுத்துகள் ஆயின. அண்ணன் வந்து வண்டியை ஏற்றிக் கட்டினார். வியாழக்கிழமை லீவு, அன்று நம்பர் பிளேட் வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை முதல் இதில்தான் வேலைக்குப் போவேன் என்று ப்ரென்னா ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். என் கையைச் சற்று நீளமாகவே குலுக்கினார். கையெழுத்து அழகாக இருக்கிறதாம்.

பிக்கப் தெருமுனை திரும்பியதும் நார்பர்ட் என்னிடம் ஒரு படிவமும் ஒரு தபால்தலையும் கொடுத்தார். "வண்டிய வித்துட்டேன்னு அரசாங்கத்துக்கு இன்னிக்கே எழுதிப் போட்ரு. அது போய்ச் சேந்துட்டா அப்புறம் என்ன ஆனாலும் அவ பாடு."

நான் ஒழுங்கு முறை தவறாதவன். சிறிய ஊர்ப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சங்க விதிகளைப் புரட்டினேன். ஏழாம் விதி: கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் குறிப்பின் நகல் அனுப்பப்பட வேண்டும். நின்றுகொண்டிருந்தவருக்கு வேண்டாம் என்று விதி சொல்லவில்லை.

ஆகவே, ப்ரென்னா டாலிவர் அவர்களே, நகல் இதுதான். தொடக்கத்தில் இருப்பதை வருகைப் பட்டியல் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் பெயரை அடித்துவிட்டால் அது குற்றவாளிகளின் பட்டியல். நான்காவது ஆள் நான். தீர்மானத்தை எழுதியதும் உங்களுக்குப் பிடித்த அந்தக் கையெழுத்தேதான். நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை நாங்கள் தின்றோம், உங்களுக்கும் ஒரு துண்டு தந்தோம். அந்த வண்டியில் ஏறாதீர்கள். இதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நான் இதை ஃபோனில் சொன்னால் நாளைக்கே இல்லையென்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நார்பர்ட் தந்தது ஒரே ஒரு தபால்தலை. அதை இந்த உறையில் ஒட்டிவிட்டேன். பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். அரசாங்கத்துக்குப் போக வேண்டிய படிவம் மேசை மேல் இருக்கிறது, தபால்தலை இல்லாமல்.