பத்து மாதப் பொலோன்யாக்காரர்

செப்டம்பர் கடைசி வாரத்தில் எங்கள் பொலோன்யா ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். முதுகில் ஒரு மூட்டை, மார்பில் ஒரு மூட்டை, கையில் ஒரு கைபேசி, அந்தக் கைபேசியின் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அதோடு தானும் திரும்பிக்கொண்டு ஒரு ஜீவன் நிற்கும். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை, பாவம், என்று உச்சுக்கொட்டுவீர்கள். ஏமாந்துவிடாதீர்கள். இப்போது நீங்கள் பார்ப்பது வெறும் புழு. கூட்டைப் பிய்த்துக்கொண்டு நாளைக்கு வெளியே வரப்போகிற பிராணிக்குப் பெயர் பத்து மாதப் பொலோன்யாக்காரர்.

என் பெயர் தீனா. இருபது வருஷமாக வீட்டில் ஓர் அறையை இந்தப் பிள்ளைகளுக்குத்தான் விடுகிறேன். தீனாம்மா என்று கூப்பிடுவார்கள். டென்மார்க், போலந்து, போர்ச்சுகல் என்று எல்லா தேசத்துப் பிள்ளைகளும் என் குளியலறையை அடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தேசம் எதுவானாலும் நோய் ஒன்றுதான், அது முற்றுகிற விதமும் ஒன்றுதான்.

முதல் வாரம் படம் எடுப்பார்கள். எங்கள் தெருக்களில் நடைபாதைக்கு மேலே கூரையும் தூணுமாக ஊர் முழுக்க ஓடுகிறதல்லவா, அந்தத் தூணைப் படம் எடுப்பார்கள், அதற்கு அடுத்த தூணைப் படம் எடுப்பார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஊருக்குப் போன் செய்து சொல்வார்கள். மூன்றாம் வாரம் கேள்வி கேட்பார்கள். ஆறாம் வாரம் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஜன்னலோரம் நின்று, "இந்த ஊர் முன்ன மாதிரி இல்ல தீனாம்மா" என்று ஒரு பெருமூச்சு வரும். முன்ன என்றால் எது என்கிறீர்கள்? அக்டோபர்.

இந்த வகையில் நான் பார்த்த உச்சம் ஆர்னி. பின்லாந்துப் பையன், தம்பேரே ஊர், இருபத்திரண்டு வயது, சரித்திரம் படிக்க வந்தவன். வந்த புதிதில் அவன் பேசாமல் இருந்த இருப்பைப் பார்த்து இரண்டு நாள் ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நானும் குரலைத் தாழ்த்தியே பேசினேன். அவனுக்குத் தலைக்கு மேல் ஒரே ஒரு கத்தி தொங்கியது. ஜூனில் பேராசிரியர் மலாகுத்தியின் தேர்வில் தேற வேண்டும், தேறிய தாள் ஜூன் முப்பதுக்குள் அவனுடைய பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இங்கே இருந்த வருஷம் இல்லாத வருஷம். ஊருக்குப் போய் அவனைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தான். தினமும் பால் எடுக்கும்போது நானும் ஒரு தடவை படித்துத் தொலைப்பேன்.

ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? நவம்பரில் குடையைத் தூக்கி யாருக்கோ தானம் கொடுத்தான். தூண் வரிசைக்கு அடியிலேயே நடக்கிற ஊரில் குடை வைத்திருப்பவன் அயலூரானாம். கூரை இல்லாத பெரிய சதுக்கத்தைக் கடக்கும்போது தொப்பலாக நனைந்து, மூக்கு ஒழுக, முகமெல்லாம் பெருமையாக வீட்டுக்கு வருவான். தெருவில் எங்காவது பள்ளம் தோண்டினால் எங்கள் ஊர்க் கிழவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலி ஓரம் நின்று, குழாயை இப்படியா பதிப்பார்கள் என்று காலை முழுவதும் குறை சொல்வார்கள். அந்த வரிசையில் ஒரு நாள் ஒரு மஞ்சள் தலை தெரிந்தது. கை பின்னால். முகத்தில் கவலை. போகப் போக, நாளைக்கு எந்தத் தெருவில் தோண்டுகிறார்கள் என்று கிழவர்களே அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

படிப்பு முடியும் முன் எங்கள் பெரிய கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது என்று இங்கே மாணவர்களுக்குள் ஒரு பயம் உண்டு. இவனுக்கு இங்கே பட்டமே கிடையாது, பத்து மாதம் படித்துவிட்டுப் போகப் போகிறவன். கிடையாத பட்டம் எப்படிப் போகும்? ஈஸ்டருக்கு இவனைப் பார்க்க ஓடோடி வந்த பெற்ற தாயை ஐந்நூறு படி தனியாக ஏறவிட்டு, கீழே ஐஸ்கிரீம் கடை நிழலில் நின்றான். அந்த அம்மாள் உச்சியிலிருந்து கையை ஆட்டுகிறாள், இவன் மேலே பார்க்கக்கூட மறுக்கிறான், பார்த்தாலே பாதி ஏறின மாதிரியாம்.

இன்னும் கேளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று விடிவதற்கு முன்னால் எழுந்து, மாவு தேய்த்து, இறைச்சி வைத்து, விரல் நுனியில் ஒவ்வொன்றாக மடித்து நான் செய்த தொர்தெல்லீனியை இவன் கரண்டியில் அள்ளி எண்ணினான். எண்ணிவிட்டு, ஒரு கரண்டிக்கு அஞ்சுதான் வருது, கொஞ்சம் பெரிசாப் போயிடுச்சு, பரவாயில்ல, என்று என்னைத் தேற்றினான். முப்பத்தெட்டு கிறிஸ்துமஸ் பண்ணியவள் நான். பிப்ரவரியில் அடுத்த செட் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்களோ இல்லையோ, அவர்களைக் கண்டாலே இவனுக்கு ஆகாது. அவன் வாயில் 'டூரிஸ்ட்' என்கிற சொல் எப்படி வரும் தெரியுமா? நம் வீட்டில் குழந்தைகள் காதில் விழக்கூடாத சொற்கள் வருமே, அப்படி.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல என் மகன் எத்தோரே வந்து சேர்ந்தான். எங்கள் நாட்டில் தேர்வு என்றால் பெரும்பாலும் வாய்மொழிதான். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, முன்னால் போய்ப் பேராசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். முடிந்ததும் அவர் முப்பதுக்கு இத்தனை என்பார். பதினெட்டு வந்தால் தேர்ச்சி. பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்வுக்கு வரலாம். அந்த 'வேண்டாம்' இருக்கிறதே, அதைச் சொல்கிற ஒரு கணத்துக்காகவே படிக்கிறவர்கள் உண்டு. எத்தோரேக்கு இருபத்தொன்பது வயது. அவன் வேண்டாம் என்று சொன்ன மதிப்பெண்களைத் திரட்டி வெளியே கொடுத்திருந்தால் இன்னும் மூன்று பேர் பட்டம் வாங்கியிருப்பார்கள். ஒன்பது வருஷமாகப் படிக்கிறான். என் மகனைப் பார்த்து என் வயிறு எரிந்தது. ஆர்னி அவனைப் பார்த்த பார்வையிலோ அப்படி ஒரு பக்தி.

ஜூன் பதினேழு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பதால் நானும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பின்னால் எத்தோரே. கூடத்தில் அறுபது பேராவது இருப்பார்கள். பழைய காலத்துக் குடும்பங்கள் ஏன் ஆளுக்கொரு கோபுரம் கட்டிக்கொண்டன என்று மலாகுத்தி கேட்டார். நம் ஆர்னி பன்னிரண்டு நிமிஷம் பேசினான். எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே வாய் பாதி, கை பாதி. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தின் மேல் கல்லெறிந்தது என்று காட்டும்போது பேராசிரியரின் தண்ணீர் டம்ளர் தப்பியது அதிர்ஷ்டம்.

"இருபத்தஞ்சு. போட்டுடவா?" என்றார் மலாகுத்தி.

எனக்கு உயிர் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். அவன் எழவில்லை. நாற்காலியில் சாய்ந்தான். வலது கை விரல்கள் ஐந்தையும் குவித்தான். கண்ணை மெல்ல மூடித் திறந்தான்.

"வேண்டாம் சார். செப்டம்பர்ல பாத்துக்கலாம்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது பாருங்கள், சர்க்கஸ்காரன் ஊஞ்சலை விட்டுக் கையெடுத்தால் எழுமே, அது. எத்தோரே பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து, "அம்மா, நம்ம ஊர்ப் பையன்ம்மா அவன்" என்றான். குரல் தழுதழுத்தது. செப்டம்பரில் இங்கே இருப்பாயா என்று மலாகுத்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டதற்கு, நான் எங்கே போகப் போகிறேன் என்று இவன் தோளைக் குலுக்கினான். நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம் எனக்கும் புல்லரித்துத்தான் போயிற்று.

வெளியே தூண்களுக்கு நடுவில் ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள். பெயர் தெரியாத ஒரு பெண் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். செப்டம்பருக்கு எப்படிப் படிக்கலாம் என்று விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தவன் ஜூலையில் நின்றான்.

"தீனாம்மா."

"என்னடா?"

"இருபத்தெட்டாம் தேதி நான் ஊருக்குப் போறேன்."

பின்லாந்துக்காரன் முகத்தில் ரத்தம் இருப்பதே கொஞ்சம். அதுவும் வடிந்துவிட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். ஓடும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவனை, பின்னாலேயே ஓடிவந்த எத்தோரேயை, எத்தோரேயின் அப்பாவை.

நடந்துகொண்டிருந்த தேர்வை நிறுத்திவிட்டு மலாகுத்தி பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையாட்டினார். முப்பது வருஷமாக இந்த நாற்காலியில் உட்காருகிறாராம். வேண்டாம் என்று சொன்ன மதிப்பெண்ணையே கேட்டுத் திரும்பி வந்த உள்ளூர்ப் பிள்ளை ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லையாம்.

"ஆனா வெளியூர்ப் பசங்களுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். "நீங்க கேட்டது புரியாம வேண்டாம்னுட்டேன்னு சொன்னா, அது மறுப்பு ஆகாது. மொழித் தகராறு. இருபத்தஞ்ச அப்படியே போட்டுடுவேன். இந்தா, எல்லாரும் கேக்கறாங்க, சொல்லு. நான் கேட்டது உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

அறுபது பேர். அதில் பிப்ரவரியில் வந்த பிள்ளைகளும் உண்டு. ஆர்னி எத்தோரேயைப் பார்த்தான். எத்தோரே, சொல்லாதே, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். ஆர்னி அடுத்து என்னைப் பார்த்தான். கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்கு நான் மேலும் கீழும் ஆட்டினேன். ஒரு முழு வருஷம் ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது, சொல்லித் தொலையேன்டா.

வாயைத் திறந்தான். "அட போங்க சார், நீங்க கேட்டது ஒரு மண்ணும் வெளங்கல எனக்கு" என்று வந்தது. எங்கள் மீன் கடைத் தெருவில் கூடை தூக்குகிறவன் பேசுவானே, அந்த ராகம், அந்த இழுப்பு, கூடவே கையும். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மலாகுத்திக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு அழகாகப் புரியவில்லை என்கிறவனை நான் எப்படி நம்புவது என்று கண்ணாடியைத் துடைத்தார்.

ஆர்னி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். நவம்பருக்குப் பிறகு அவன் கைகள் சும்மா இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார்" என்றான். வந்த புதிதில் இருந்த அந்தச் சின்னக் குரல். "நான் இந்த ஊர் இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. மலாகுத்தி மேலே ஒன்றும் கேட்காமல் கணினியில் இருபத்தைந்தைத் தட்டிவிட்டு, அவன் கையைக் குலுக்கினார். வருஷம் பிழைத்தது. எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது, பேராசிரியருக்கு நாலு தடவை நன்றி சொன்னேன், ஐந்தாவது தடவையும் சொன்னேன்.

அங்கேதான் தப்பு பண்ணிவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாகவே கேட்டார்.

"நீங்க ஃபெர்ராராப் பக்கமா? பேச்சுல தெரியுதே."

ஃபெர்ராரா இங்கிருந்து அரை மணி நேர ரயில். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்துதான் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். போன மாதம் அவன் கொண்டுவந்து கொடுத்த ஃபெர்ராரா ரொட்டியை ஆர்னியும்தான் தின்றான். எனக்கு மதிப்பெண் போகாது, வருஷம் போகாது, ஊரிலிருந்து எந்தப் பல்கலைக்கழகமும் தாள் கேட்டு எழுதாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"சேச்சே" என்றேன். "நான் அசல் பொலோன்யா."

ஆர்னி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவன் அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறவரைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. காட்டிக்கொடுக்கவில்லை, தங்கமான பிள்ளை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், உங்களுக்கு எந்த ஊர்? இதோ, வாயைத் திறப்பதற்கு முன்னால், இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?