முப்பது நாள் வராதவர்கள்

திங்கட்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். குடியிருப்போர் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எங்கள் வில்லாக் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். பட்டியலில் நூற்று முப்பத்தோரு பெயர்கள். இறந்தவர், வீட்டை விற்றவர், வேலையை விட்டு நின்ற தோட்டக்காரர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

"இப்ப இல்லாதவங்க பேரையெல்லாம் எடுத்துருங்க ரைட்டரே" என்று சொல்லிவிட்டுச் சங்கச் செயலாளர் வெளியூர் போய்விட்டார்.

நான் எட்டாவது வரை படித்தவன். காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் ரைட்டர் வேலை. ஆள் வந்தால் செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு புள்ளி. சொல்லாமல் கொள்ளாமல் முப்பது நாள் வராவிட்டால் பெயர் மேல் சிவப்புக் கோடு. இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

ரிட்டையர் ஆனபிறகு இந்தக் குடியிருப்பு ஆபீசில் வேலை. இங்கே செக்ரோல் கிடையாது. போனில் ஓர் ஆப். ஆனால் யார் எந்தத் தேதியில் கேட்டைத் தாண்டினார்கள் என்று அதில் இருந்தது. எனக்கு அது போதும். முப்பது நாள் வராத பெயரை எல்லாம் நீக்கினேன்.

தொண்ணூற்றேழு போயிற்று. முப்பத்து நான்கு மிச்சம். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. டீ குடிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை யாருமே புகார் சொல்லி வரவில்லை. பட்டியல் சரியாக இருப்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பத்தே முக்கால் மணிக்குப் பதினாலாம் நம்பர் வீட்டு வசந்தாம்மாவின் கார் வந்தது. பின்னால் இரண்டு வேன். அந்தம்மாவின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். காரில் நான்கு பேர், மாப்பிள்ளை வீட்டார் பத்தொன்பது பேர். எண்ணினேன்.

கேட் திறக்கவில்லை.

வாட்ச்மேன் பெருமாள் மெஷினைப் பார்த்தார். "அம்மா, உங்க பேரு இதுல இல்லீங்க. விருந்தாளின்னு போட்டு ஊட்டுக்காரங்ககிட்ட அனுமதி கேக்கறனுங்க."

"நான்தானுங்க ஊட்டுக்காரி!"

"மெஷினு வேற பேரு சொல்லுதுங்க."

"என்ன பேரு?"

"சரோஜா."

சரோஜா அந்த வீட்டில் சமையல் வேலை பார்ப்பவர். கொட்டச்சேடு மலைக் கிராமத்திலிருந்து தினமும் வருகிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேலத்திலும் சென்னையிலும் இருக்கிறார்கள். மே மாதம் வருவார்கள், லீவுக்கு வருவார்கள். தினமும் வருவது சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும்தான். வீட்டுக்காரர் பெயர் இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பெயரை மெஷின் வீட்டுக்காரராக எடுத்துக்கொள்ளும். வீடுகளுக்கெல்லாம் இப்போது அவர்கள்தான் குடும்பத் தலைவர்கள்!

திரும்பப் பெயர் சேர்க்கச் செயலாளர் போனுக்கு வரும் ரகசிய நம்பர் வேண்டும். செயலாளர் விமானத்தில் இருந்தார்.

சரோஜா காலையில் வந்துவிட்டு மறுபடி வெளியே போயிருந்தார். பெருமாள் அவர் போனுக்கு அனுமதி கேட்டு அனுப்பினார். மெஷினில் ஒரு பெண் குரல் உண்டு. நல்ல கணீரென்ற குரல்.

"மன்னிக்கவும். வீட்டார் அனுமதி மறுத்துவிட்டார்."

இரண்டு வேனுக்கும் கேட்டது.

மறுபடி கேட்டோம். மறுபடி மறுத்தது. ஏழு முறை. வசந்தாம்மா சரோஜாவைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மலை வளைவுகளில் டவர் வரும், போகும். மெஷினின் கேள்வி போகும்போதெல்லாம் டவர் இருந்தது. அந்தம்மா கூப்பிடும்போது இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா வேனை விட்டு இறங்கி வந்தார். "ஏனுங்க, ஊடு உங்க பேருல தானுங்களே இருக்குது?"

"சத்தியமா எங்க பேருலதானுங்க. பத்திரம் சேலத்துல இருக்குதுங்க."

"அப்ப அனுமதி குடுக்காத சரோஜாங்கறது யாருங்க?"

வசந்தாம்மா தயங்கிச் சொன்னார். "எங்க சமையல்காரம்மாங்க."

மாப்பிள்ளையின் அத்தை ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். "சமையல்காரம்மா பேருல ஊடாம். இன்னும் நகையெல்லாம் யாரு பேருல இருக்குதோ சாமி!"

"பெருமாள், கேட்டைத் தூக்கிருங்க" என்றேன் மெதுவாக.

"முடியாதுங்க. பச்சை லைட் விழாம நானே வந்தாலும் வுடாதீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. போன மாசம் ஒரு காரை வுட்டதுக்கு ஒரு வாட்ச்மேனை வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க. கேமரா பாத்துட்டே இருக்குதுங்க."

சரியாகத்தான் சொன்னார்.

மணி பதினொன்று முப்பத்தாறு. பன்னிரண்டுக்கு ராகு காலம். மாப்பிள்ளையின் அப்பா டிரைவரிடம் வண்டியைத் திருப்ப இடம் இருக்குமா என்று கேட்டார். காருக்குள் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. கண் மை கலைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

எனக்கு நான்கு பேர் நடுவில் பேச வராது. எஸ்டேட்டிலும் நான் எழுதுவேன், கங்காணிதான் படிப்பார். இங்கே இருபத்து மூன்று பேர். தொண்டையைச் செருமினேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை செருமினேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "ஊடு அம்மாவோடதுதானுங்க. முப்பது நாளா வராதவங்க பேரை நான்தான் அடிச்சுட்டனுங்க. எஸ்டேட் வழக்கமுங்க."

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க வந்து எத்தனை நாளாச்சுங்க?"

"நூத்திப் பதினோரு நாளுங்க. கடைசியா வந்தப்ப ரெண்டு ராத்திரி தங்குனாங்க. ஒரு சூட்கேஸ், ஒரு கேஸ் சிலிண்டர்."

அவர் அத்தையைப் பார்த்தார். "அக்கா, இத்தனை கணக்கு வெச்சிருக்கற மனுசன் பொய் சொல்ல மாட்டாரு."

"மணியைப் பாரு" என்றார் அத்தை. "தட்டை இங்கயே மாத்திருங்க. ராகு காலம் கேட்டுக்கு வெளிய நிக்குமா?"

பெருமாளின் மேசையிலிருந்து வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் டீ டம்ளரையும் எடுத்தேன். அத்தை தன் பட்டுச் சால்வையை மேசையில் விரித்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ எல்லாம் வேனிலிருந்து இறங்கின. பெண் முகம் கழுவி வந்தது. கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குத் தட்டு மாற்றினார்கள். சிறப்பாக நடந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குச் சரோஜா தலையில் வாழை இலைக் கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். இலை பத்தாது என்று ஊருக்குப் போயிருந்தாராம். கார்டை நீட்டினார். கேட் உடனே திறந்தது.

"ஏனுங்கம்மா, எல்லாரும் ஏன் வெளிய நிக்கறீங்க?"

"நீதாண்டி ஏழு தடவை வுட மாட்டேன்னுட்ட!"

"அது நீங்கதானுங்களா? 'வசந்தா, விருந்தாளி'ன்னு போனுல வந்துதுங்க. எங்கம்மா தன் ஊட்டுக்கே எதுக்கு விருந்தாளியா வருது, எவனோ ஏமாத்தறான்னு சிவப்பை அமுக்குனனுங்க. சந்தேகம் வந்தா சிவப்பை அமுக்குன்னு ரைட்டர்தானுங்க சொல்லிக் குடுத்தாரு."

அதுவும் நான் சொன்னதுதான்.

அவர் இலைக் கட்டைக் கீழே வைக்காமலே, ஒரு கையால் போனைப் பிடித்து, இருபத்து மூன்று பேருக்கும் பச்சையை அமுக்கினார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அத்தை மட்டும் சரோஜாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பும்போது மாப்பிள்ளையின் அப்பா வேனை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு நீங்க அவசியம் வரணுங்க ரைட்டரே. மண்டபத்து வாசல்ல மட்டும் நிக்காதீங்க."