தாய்மாமன் தலையாட்டுப் படலம்

முகில் படுத்துறங்கும் மஸ்கெலியா மலைச்சாரலில், பத்துக் காம்பரா கொண்ட வரிசைவீடாம் லயத்தின் ஆறாம் காம்பராவை அரண்மனையாகக் கொண்டு ஆளும் வேந்தே! தேயிலை ஃபெக்டரியிலே கொழுந்துருட்டும் இயந்திரங்களின் இடிமுழக்கத்தினூடே இருபத்தாறாண்டு அசையாது நின்று, இரு செவிகளையும் தேயிலைக்கே தானமாய் ஈந்த வள்ளலே! காது மிஷினென்னும் கவசமும் தரியாது சபைதோறும் புகுந்து மீண்ட தீரரே, கந்தப்பரே, வாழி! நும் புகழை உரக்கவே பாடுகிறோம். மெல்லப் பாடினால் நுமக்கு எட்டாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கந்தப்பரின் தங்கை ராக்காயி, கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் ஹம்சினிக்குப் பரிசம் போட, றொசல்லயிலிருந்து மாப்பிள்ளை வீட்டுச் சேனை வேனேறி வருகிறது. பரிசச் சபையின் மரபு யாதெனில், மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொன்றாய்க் கேட்பர். பெண்ணின் தாய்மாமன் தலையசைப்பார். அசைத்த தலை அசைத்ததுதான். அதைத் திரும்பப் பெறத் தோட்டத்துத் துரையாலும் ஆகாது.

ஹம்சினியோ தோட்டத்து நர்சரியில் முப்பத்திரண்டு வாண்டுகளை மேய்த்து ஆளும் டீச்சர். மாமனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றே அவளும் ஊரும் எண்ணியிருந்தனர். காலையிலேயே அவர் முன் வந்து நின்று, வாண்டுகளுக்குச் சொல்வதுபோல் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

“மாமா, மத்த எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுங்க. நர்சரி வேலைய விடணும்னு கேட்டா மட்டும் தலைய ஆட்டிப்புடாதீங்க.”

“ஆட்டுவனா நானு?” என்று கந்தப்பர் முழங்கிய சபதத்தில் பக்கத்துக் காம்பராக் கோழிகள் சிதறின.

மந்தமன்று, முற்றும் இல்லை என்னும் அரசாங்க இரகசியத்தை அறிந்தவள் ஒருத்தியே: பட்டத்தரசி அன்னம்மா. “ஏங்க, காது கேக்காதுன்னு சபையிலயே சொல்லிப்புட்டா என்னாங்க? தலையவா வாங்கிறப் போறாங்க?” என்றாள் அவள், உதடு தெரிய.

“பரம்பரைச் செவிடு, நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் வரும்னு வேன திருப்பிக்கிட்டுப் போயிருவானுங்கடி. நீ சும்மா இரு.”

ஆகவே போர் மூண்டது. முதற்கண் இடம் பிடித்தல். பதினொரு மணிச் சபைக்கு எட்டு மணிக்கே தங்கை வீடு சென்று, முதுகுக்குச் சுவரும், எதிரே அமர்வோர் முகத்தில் சன்னல் வெளிச்சமும் வாய்க்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பற்றினார். றொசல்லச் சேனையின் முன்னணி வீரரான ஒரு பருத்த சித்தப்பா அதன்மேல் கண்வைத்து நெருங்கியபோது, கந்தப்பர் இருமினார்; இடுப்பைப் பிடித்தார்; முகத்தைச் சுளித்தார்; பகைவர் இரங்கிப் பின்வாங்கினார்.

இரண்டாவது அஸ்திரம், தாமே பேசுதல். பேசுகிறவனுக்குக் கேட்க வேண்டிய கடமையில்லை என்னும் போர்த்தந்திரத்தை அவரைப்போல் அறிந்தவர் அரசியல்வாதிகளுள்ளும் சிலரே. வேனைப் பற்றிப் பேசினார், வளைவுகளைப் பற்றிப் பேசினார், இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். மூன்றாவது, எதிரே பாயில் அமர்ந்த அன்னம்மாவின் முகம். அவள் சிரித்தால் அரைக்கணம் பிந்திச் சிரிப்பார்; அவள் ‘ச்சூ’ கொட்டினால் அவரும் கொட்டுவார். நான்காவதே பிரம்மாஸ்திரம்: உருட்டும் இயந்திரங்களுக்கு அப்பால் நிற்பவன் சொல்வதை உதட்டிலேயே படித்துப் பழகிய கண்கள்.

அக்கண்களுக்கு எதிராகத்தான் விதி சின்னத்தம்பியை அனுப்பியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, சபையில் கேட்க உரியவர். பெயரில்தான் சின்னது. அவருடைய மீசை, மேலுதட்டில் முளைத்து, அங்கே இடம் போதாமல் கீழுதட்டையும் வளைத்துக்கொண்டு, ஒருநாளும் கவ்வாத்து வெட்டப்படாத பழந்தேயிலைக் காடென அடர்ந்து கிடந்தது. காடு அசைந்தது, உள்ளே என்ன நடமாடுகிறதென்று தெரியவில்லை.

காடு முதன்முறை அசைந்தபோது கந்தப்பர் பட்டத்தரசியைப் பார்த்தார். அவள் தலை மெல்லத் தாழ்ந்தது, இவரும் அசைத்தார். கல்யாணம் ஆவணியில் என்றாயிற்று. மீண்டும் அசைந்தது, மீண்டும் தாழ்ந்தது. தாலி கட்டு மஸ்கெலியாக் கோயிலில் என்றாயிற்று. வெற்றிமேல் வெற்றி! அக்கணத்தில், அந்தோ, ராக்காயி உள்ளிருந்து சைகை காட்ட, வடை பொரிக்க அன்னம்மா எழுந்து போய்விட்டாள்.

காடு மூன்றாம் முறை அசைந்தது.

“கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு நர்சரிக்கெல்லாம் போக வேணாங்க. வீட்டப் பாத்துக்கிட்டா போதும். மாமா என்னா சொல்றீங்க?”

சபை முழுவதும் கந்தப்பரை நோக்கித் திரும்பியது. எத்தனையோ கல்யாணங்களில், கருமாதிகளில், சங்கக் கூட்டங்களில், எதற்கென்று அறியாமலே ஆமென்று அசைந்து அசைந்து கீல் தேய்ந்த அந்தக் கழுத்து, எசமானின் உத்தரவுக்குக் காத்திராமல், எண்ணெய் போட்ட கதவைப்போல் தானே இறங்கத் தொடங்கியது. ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை. அப்போது அவர் கண்ணில் வாசற்படி பட்டது. ஹம்சினி டீத்தட்டோடு நின்றாள். கோப்பைகள் மோதும் ஓசை அவருக்கில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பையிலும் டீ வட்டம் வட்டமாய் நடுங்குவது தெரிந்தது.

இறங்கிய மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே நிகழ்ந்த அந்தப் பெரும்போரை என்னென்பது! ஒருபுறம் மானம், கௌரவம், வேனைத் திருப்பிவிடுவார்களோ என்னும் திகில் ஆகிய முப்படையும் பிடரியில் ஏறி நின்று கீழே அழுத்த, மறுபுறம் நடுங்கும் ஏழு கோப்பை டீ மட்டும் தனித்து நின்று மேலே தூக்க, நரம்பு புடைக்க, காது மடல் சிவக்க, கந்தப்பர் தம் தலையைத் தாமே நிமிர்த்தி எழுந்து, ஃபெக்டரிக் குரலில் பிரகடனம் செய்தார்:

“எனக்குக் காது கேக்காதுங்க! மந்தமில்ல, சுத்தமா கேக்காது. பரம்பரையில வந்தது இல்லைங்க, மெஷினு சத்தத்துல போனது. இம்புட்டு நேரம் நான் ஆட்டுன தலையெல்லாம் எம் பொஞ்சாதி தலையப் பாத்து ஆட்டுனது. இப்ப கேட்டீங்களே, அது என்னான்னு தெரியல.”

சபை ஓசையற்று உறைந்தது. கந்தப்பருக்கு அதில் புதுமையொன்றும் தோன்றவில்லை. சின்னத்தம்பி எழுந்தார். நாற்காலியை இழுத்து வந்து முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்தார். பின்னர், கோட்டைக் கதவு திறப்பார்போல், இரு கைவிரலாலும் மீசையை இருபுறமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் மறுபடி சொன்னார்.

கந்தப்பர் உதட்டைப் படித்து முடித்தார். “அது மட்டும் முடியாதுங்க. புள்ள வேலைக்குப் போகும்.”

மீசையைப் பிடித்தபடியே சின்னத்தம்பி திரும்பி மாப்பிள்ளை தனுஜனைப் பார்க்க, அவன் ஹம்சினியைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

சின்னத்தம்பி சரியென்று சொல்லிவிட்டு ஒரு டீயை எடுத்துக் குடித்தார்.