மாரியம்மாளின் கண் ஆபரேஷன்

சங்கரன்கோவிலில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. காரணம், எங்கள் தெருவின் 'துணை' அண்ணாச்சி.

எந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றாலும் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறிவிடுவார். எங்கே போகிறார்கள் என்பதை ஆட்டோ கிளம்பிய பிறகுதான் கேட்பார். வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனவர்களோடு போய், வியர்த்துக் கொட்டிய மாப்பிள்ளைக்கு விசிறிவிட்டார். பெண் வீட்டார் அவரையே சம்பந்தி என்று நினைத்து முதல் இலை போட்டார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய பெரியவர் ஒருவரை அவருடைய ஊரான திருவேங்கடம் வரை கொண்டுபோய் விட்டார். அன்று அண்ணாச்சி கிளம்பியது வீட்டுக்குத் தண்ணீர் கேன் வாங்க. மறுநாள் காலி கேனோடும் கொள்ளைச் சந்தோஷத்தோடும் திரும்பினார்.

"இதுல உங்களுக்கு என்ன கிடைக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வீட்ல இருந்தா முட்டி வலிக்கி வே. அடுத்தவுக கூடப் போனா, முட்டி இருக்கதே மறந்து போவுது."

போன வருடம் அவர் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லி, வியாழக்கிழமை வரச் சொன்னார். ஊரில் பாதிப்பேருக்குத் தைரியம் சொன்ன மனிதர், தனக்கு என்றதும் போர்வைக்குள் புகுந்துகொண்டார். நான் துணைக்கு வருவதாகச் சொன்னேன்.

"ஒமக்கு எதுக்கு வே சிரமம்?" என்று திரும்பிப் படுத்தார்.

எதிர்வீட்டு மாரியம்மாள் தையல்காரி. ஊசியில் நூல் கோர்க்க லைட்கூடப் போடமாட்டாள். அப்படி ஒரு கண். வியாழக்கிழமை காலையில் அந்தக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கும் புரையாம். நெனச்சாலே கையி காலு நடுங்குது. என்கூட ஆரு வருவா?"

போர்வை பறந்தது. "ஏட்டி, நான் இருக்கும்போது அழுதியா? கிளம்பு!"

ஆஸ்பத்திரியில் நடந்ததை மாரியம்மாள் பிறகு சொன்னாள். நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டதும் முகம் வெளுத்துவிட்டதாம். இவள் உடனே, "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி" என்று விசும்பியிருக்கிறாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"நீ இங்கன இரு. மொதல்ல நான் போயி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

கட்டோடு வெளியே வந்தவர், "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல மக்கா. இனி நீ போ" என்றாராம்.

"எனக்குச் சுகர் கூடுதலா இருக்காம். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாவ."

"அட பாவமே!" என்று பஸ்ஸில் வழிநெடுக அவளுக்குப் பத்தியம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். ஒரு கண்ணில் கட்டோடு அண்ணாச்சி முதலில் இறங்கி, "பாத்து, படி இருக்கு" என்று மேலே கை நீட்டினார். மாரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தடவித் தடவி இறங்கினாள்.