வேலம்மா குத்திப் பார்த்த இணையதளம்

ஒரு காட்டில், பல்கலைக்கழகம் வரும்வரைக்கும் அவரவர் வளையை அவரவரே தோண்டிக் குடியிருந்தார்கள். பல்கலைக்கழகம் வந்த பிறகு, வளை தோண்டுவதற்குப் பட்டம் வேண்டும் என்றாகிவிட்டது. பட்டம் இல்லாமல் தோண்டினால் கரடியார் வந்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். கரடியார்தான் துணைவேந்தர்.

வேலம்மா என்ற முள்ளம்பன்றிக்கு இதனால் தூக்கமே போய்விட்டது. இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு ஓர் உடும்பின் பொந்தில் ஒண்டுக் குடித்தனம். மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லி உடும்பு தினமும் வாலை ஆட்டிக் காட்டியது. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி: வளை தோண்டுதல், செய்முறை. அதில் பெயர் பதிய அன்றைக்குச் சூரியன் மறைகிற வரைதான் நேரம்.

முன்பெல்லாம் இது ஒரு வேலையே இல்லை. பாட ஆலோசகர் ஆந்தையாரின் மரத்தடியில் அந்தி நேரத்தில் போய் நின்றால், அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து தலையை ஆட்டுவார். பதிவு முடிந்தது. இப்போது அதற்கும் இணையதளம் வந்துவிட்டது. மாணவர் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆலோசகர் அனுமதி கொடுக்க வேண்டும், இரண்டும் தளத்திலேயே. சூரியன் மறைந்தால் தளம் மூடிக்கொள்ளும். சூரியன் மறைந்தால்தான் ஆந்தையார் எழுந்திருப்பார். இதைத் தளம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. யோசித்தவர்களைத் தளம் செய்யக் கூப்பிடவில்லை.

காலையிலிருந்து முட்டி மோதி அலுத்துப்போன வேலம்மா கணினித் துறை வாசலில் நின்றாள். தளத்தைச் செய்த குரங்கு சடையப்பன் ஓடி வந்தான்.

“அக்கா, தளத்தைப் பயன்படுத்திப் பார்க்க ஆள் தேடுறோம். வந்து உட்காருங்க. டீயும் வடையும் உண்டு.”

“பதிவு ஆகலையேன்னு நான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன். இதுல வடையா?”

“பதிவைத்தான் பண்ணப் போறீங்க. நான் பக்கத்துலேயே இருப்பேன்.”

செய்தவனே பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்துவிடாதா? வேலம்மா உள்ளே போனாள்.

“இது உங்களுக்குச் சோதனை இல்லைக்கா, தளத்துக்குத்தான்” என்றான் சடையப்பன். “மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நடுவுல நான் உதவக் கூடாது, பேசக் கூடாது. அது விதி.”

வேலம்மா வடையை விழுங்கினாள். அதுதான் வினையாகிவிட்டது. ஒருத்தர் கொடுத்த வடையைத் தின்றுவிட்டு அவர்கள் செய்ததைக் குறை சொல்வது அந்தக் காட்டில் வழக்கம் இல்லை.

திரை முழுக்கப் பச்சை இலைகள். அதன்மேல் பச்சைப் பொத்தான்கள். எது இலை, எது பொத்தான் என்று தெரியவில்லை.

“பார்க்கக் குளுகுளுன்னு இருக்கு தம்பி” என்றாள். முதுகு முட்கள் மெல்ல எழுந்து, ஒட்டி உட்கார்ந்திருந்த சடையப்பனின் தொடையில் இறங்கின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ‘பயனர் திருப்தி’ என்று எழுதினான்.

அடுத்த பக்கம், ‘உங்களுக்கு எத்தனை கால்?’ என்று கேட்டது. நான்கு என்று போட்டாள். ‘தவறு. இரண்டு என நிரப்பவும்’ என்றது. பின்னங்கால்களை மட்டும் கணக்கில் எடுத்து இரண்டு என்று போட்டாள்.

“சொல்லிக் குடுத்துக் கேக்குது, பாவம்.” முட்கள் அவன் விலாவுக்கு ஏறின.

‘அதிக நேரம் யோசித்துவிட்டீர்கள். முதலிலிருந்து தொடங்கவும்.’

“அதுக்கென்ன, மறுபடி பார்த்துட்டாப் போச்சு. ஏன் தம்பி, கண்ணு கலங்குது?”

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அடுத்த மேசையில் ஆந்தையாரையும் சோதனைக்காகப் பகலில் எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். அனுமதிப் பொத்தான் என்று நினைத்து, எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒற்றை எழுத்து திரையை அடைத்து நின்றது. “பிரமாதம், பிரமாதம்” என்றார். அவரும் வடை தின்றிருந்தார். கடைசியில் தூங்கி விழுந்தபோது அலகு எங்கோ பட்டு அனுமதி கிடைத்துவிட்டது.

வேலம்மாவின் திரையில் பூ மழை பொழிந்தது. ‘பதிவு வெற்றி!’

“அப்பாடா! மழைக்குள்ளே தோண்டிடுவேன் தம்பி!”

சோதனை முடிந்ததால் சடையப்பன் இப்போது பேசலாம். “அக்கா, இது சோதனைத் தளம். இங்க பண்றது எதுவும் நிஜத்துல பதிவாகாது.”

“அப்போ என் பாடம்?”

“அதை நீங்க போய் நிஜத் தளத்துல பண்ணிக்கணும்.”

“சூரியன் மலைமேல உட்கார்ந்துடுச்சேடா!” என்று ஜன்னலைப் பார்க்கத் திரும்பினாள். அத்தனை முட்களும் விறைத்து நின்றன. அறையோ குறுகல்.

“அய்யய்யோ! திரும்பாதீங்கக்கா!”

“ஏன், என்னடா ஆச்சு?” என்று பதறி இன்னொரு தடவை திரும்பினாள். சடையப்பன் அலமாரிமேல் தாவினான்.

“குத்திடுச்சா? எங்கே, காட்டு” என்று அவளும் அலமாரியில் ஏறப் போனாள். பிள்ளை பெற்றவள் அல்லவா.

“கிட்ட வராதீங்க! உங்க பேரை நானே போட்டுடறேன்! எங்களுக்குன்னு ஒரு பின்வழி இருக்கு!”

எட்டிக் கையை நீட்டி எதையோ தட்டினான். நிஜத் தளத்தில் வேலம்மாவின் பெயரும் ஏறியது, ஆந்தையாரின் அனுமதியும் ஏறியது. ஆந்தையார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“இவ்வளவுதானா?” என்றாள் வேலம்மா.

“இவ்வளவுதான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், தள்ளி நில்லுங்க.”

சோதனையின் முடிவைச் சடையப்பன் நின்றுகொண்டே கரடியாரிடம் சொன்னான். பயனர்கள் எல்லோருக்கும் முழுத் திருப்தி, ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை, சோதிப்பவருக்குத் தடித்த கால்சட்டை மட்டும் தேவை. கரடியார் கால்சட்டைக்கு உடனே அனுமதி கொடுத்தார். தளம் அப்படியே இருந்தது.

வேலம்மா செய்முறைப் பாடத்தை முடித்து, பட்டம் வாங்கி, மழைக்கு முன்பே சொந்த வளைக்குக் குடிபோனாள். விஷயம் காடெங்கும் பரவியது. அடுத்த பருவத்தில் முயல் முதுகில் கருவேல முள்ளைக் கட்டிக்கொண்டு வந்தது. மான் இடுப்பில் சப்பாத்திக் கள்ளியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, சோதனைக்கு ஆள் வேணுமாமே? கொஞ்சம் நெருங்கி உட்காருங்களேன்.”

நீதி: தளம் புரியவில்லையே என்று கலங்காதீர்கள், அதைச் செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாயால் பாராட்டிக்கொண்டே முதுகால் குத்துங்கள்.