மஞ்சள் தொப்பிக்குக் கீழே

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன், விடுதி அறையில் படுத்தபடியே எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். அளவுக்கு மீறிய சௌக்கியம். நான்தான் சௌக்கியமாக இல்லை. அது மட்டுமில்லை, நான் நானாக இருக்கிறேனா என்பதிலேயே இப்போது தகராறு.

நீ சொன்ன சுற்றுலாக் கம்பெனியில்தான் வந்தோம். அதை நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. நகரத்தைச் சுற்றிக் காட்ட ஒரு பேருந்து, ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி. வழிகாட்டிப் பெண் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வண்டி கிளம்புமுன் முன்னால் நின்று தொப்பிகளை எண்ணுவாள், சரியாக இருந்தால் கைதட்டுவாள், ஓட்டுநர் வண்டியை எடுப்பார். முதல் நாள் ஒரே ஒரு கடிகாரக் கோபுரத்தைப் பார்த்ததோடு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் எழுந்தால் அறை சுற்றுகிறது. உன் அக்கா தானும் போகவில்லை என்றாள். நான்தான் கேட்கவில்லை. காசு கொடுத்த சீட் காலியாகப் போனால் கண்டவனும் பையைத் தூக்கி வைப்பான், என் தொப்பியையாவது அதில் வை என்று கையில் கொடுத்து அனுப்பினேன். அங்கேதான் பிடித்தது சனி.

சாயங்காலம் அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். அருங்காட்சியகத்தில் நான் அவளுடைய பையை வாங்கிக்கொண்டேனாம். படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டேனாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போர்வையை விட்டு வெளியே வரவேயில்லை என்று சொன்னேன்.

"காலையில வெறும் தொப்பிதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு மூணு தடவை எண்ணிக் கைதட்டினா. மத்தியானம் திரும்பிப் பார்த்தா நீங்க உக்காந்திருக்கீங்க. காய்ச்சல் விட்டுடுச்சாக்கும்னு நினைச்சேன்," என்றாள்.

"நான் இங்கதானே படுத்திருக்கேன்?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இங்கயும்தான் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள்.

உனக்குத் தெரியும், உத்தியோகக் காலம் முழுக்க அடுத்தவன் டிக்கெட்டில் பயணம் செய்தவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவன் நான். எனக்கே இந்தக் கதியா என்று வயிறெரிந்து, அடுத்த நாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். பேருந்து கீழேதான் நின்றது. என் சீட்டில் நான். நல்ல நிறமாக, முதுகு நிமிர்ந்து, உன் அக்கா சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு. நான் என்றைக்கு அவள் சொல்வதை முழுசாகக் கேட்டேன்? வண்டி நகரும்போது அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது பார்ப்பார்களே, அப்படி. பிறகு கையசைத்தான். கொஞ்ச நேரத்தில் விடுதி மருத்துவர் வந்தார். நாடி பார்க்க என் கையைப் பிடித்தவர், எதையோ தவறவிட்டவர் போல மறுபடியும் மறுபடியும் தேடினார். இப்போதுதானே பஸ்ஸில் ஏறினீர்கள் என்றார். மாத்திரை எழுதவில்லை.

உன் அக்கா என்னிடம் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று வரை வெந்நீர் வைத்துவிட்டுப் போனாள். இன்று ஒரே ஒரு டம்ளர்தான் இருக்கிறது, அதுவும் அவள் குடித்தது. பெட்டி கட்டியாகிவிட்டது, என் சட்டைகளெல்லாம் அதற்குள். நான் கூப்பிட்டால் அடுத்த அறையில் யாரோ பேசுவது போலத் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். மைத்துனா, எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. இதை நான் அவளிடம் சொன்னதே கிடையாது. அவன் சொல்லியிருப்பான்.

நாளை ஊருக்குக் கிளம்புகிறார்கள்; ரயில் வந்து சேர இரண்டு நாளாகும், கூரியரில் போனால் இது முந்திக்கொள்ளும். நீ வண்டியோடு ஸ்டேஷனுக்கு வந்து, அவளோடு இறங்குகிறவனிடம் மூட்டுவலி எப்படி என்று கேள். நானாக இருந்தால் வீடு வரும்வரை சொல்வேன். பரவாயில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்தால், அங்கேயே அவனை நிறுத்திவிட்டு, என்னை அழைத்துப்போக உடனே வா. தொண்டை கட்டிவிட்டது, இருமல் மட்டும்தான் வருகிறது.

நீயும் உன் மனைவி மக்களும் நோய் நொடியில்லாமல், அவரவர் சீட்டில் அவரவரே உட்கார்ந்து, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மைத்துனா, அறையைக் காலி செய்யும்போது மேசையில் இது கிடந்தது. கையெழுத்து அச்சு அசலாக என்னுடையது போலவே இருக்கிறதே என்று உன் அக்காவிடம் காட்டினேன். இந்தப் பயணத்தில் நீங்கள் ஒரு நாள்கூடப் படுக்கவில்லையே, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கிறாள். நல்ல வேடிக்கை, நீயும் படித்துச் சிரிப்பாய் என்று அனுப்புகிறேன். நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், நாங்களே வந்துவிடுவோம். கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாயிற்று. பூட்டும்போது உள்ளே யாரோ இருமினார்கள். பக்கத்து அறையாக இருக்கும்.