திரையில் இருக்கும் குப்பைத் தொட்டி குறித்து

தோ பாயோ,
12 டிசம்பர் 1989

அன்புள்ள அருளானந்தத்திற்கு,

உன் சின்னம்மா பிலோமினம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நானும் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்காகவெல்லாம் கடிதம் எழுதுகிறவள் நானல்ல.

முதலில் ஒரு திருத்தம். பிலோமினம்மாளுக்கு மவுஸைக் கண்டால் பயம், அதனால்தான் பங்குக் கோயிலின் செய்தி மடல் கெட்டுப்போனது என்று கோயிலில் பேசுகிறார்களாம். பொய். ஜூன் மாதம் நீயே உன் கம்பெனியிலிருந்து வந்து, எங்கள் பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த கறுப்புத் திரையை எடுத்துவிட்டுப் படம் போட்ட வெள்ளைத் திரையை வைத்துப் போனாய். ஒரே வாரத்தில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். கான்வென்ட்டில் மதர் செராஃபின் எங்கள் கைகள்மேல் துணி போர்த்தி டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர். விசையிலிருந்து கையெடுத்தால் ஸ்கேலால் அடி விழும். அந்தக் கையை எடுத்து மவுஸில் வைக்க எனக்கு மனம் கூசியது உண்மை. பயம் இல்லை. இத்தனை வருஷம் ஜெபமாலை உருட்டிய விரலுக்கு மவுஸ் உருட்டத் தெரியாதா?

திணறுவது மற்றவர்கள்தான். ஃபாதர் ஒரு படத்தை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். இரண்டு தரம் அழுத்த வேண்டும் ஃபாதர் என்றால், "ஒரு தரம் பெல் அடிச்சா போதாதாம்மா, வீட்டுக்காரங்க வரவேணாமா?" என்பார். பங்குப் பேரவைத் தலைவர் மரியஅந்தோணி, கூட்டக் குறிப்பைக் காணோம் என்று அலமாரியெல்லாம் தேடிவிட்டு என்மேல் பாய்ந்தார். அது திரையில் ஒரு கல்யாண அறிவிப்புக்கு அடியில் மறைந்து கிடந்தது. இவர்களைப் பற்றி யாரும் வதந்தி கிளப்பவில்லை, பார்த்தாயா?

என் பிரச்சினை வேறு. அந்தத் திரையின் மூலையில் ஒரு குப்பைத் தொட்டி வரைந்து வைத்திருக்கிறீர்களே, அதுதான். பழைய திரையில் வேண்டாததை அழிக்க ஒரு சொல்லை டைப் செய்வோம். கரும்பலகையைத் துடைப்பதுபோல் எல்லாம் மறைந்துவிடும், யாருக்கும் அவமரியாதை இல்லை. இப்போதோ எதை அழிப்பதென்றாலும் இழுத்துப்போய்க் குப்பையில் போட வேண்டும். நாம் மந்திரித்த குருத்தோலையைக் குப்பையிலா போடுகிறோம்? எரித்துச் சாம்பலாக்குகிறோம். அந்தோணியார் நவநாள் ஜெபத்தையும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வாசித்த மரித்தோர் பெயர்களையும் அந்தத் தொட்டியில் போட என் கை வரவில்லை. ஆகவே எதையுமே போடவில்லை. கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது.

அலுவலகத்துக்கு உதவி செய்ய வரும் உர்சுலா எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஃபுல் ஆயிடுச்சு லா. போன மாசத்து ஆத்துமாக்கள் லிஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க."

"அதுல உன் அங்கிள் பேரு இருக்கு."

"பேருதானே ஆன்ட்டி, அங்கிளா உள்ள இருக்காரு?"

"கல்யாணமாகி உன் புருஷன் பேரை இப்படிப் போடு, பார்க்கலாம்" என்றேன். ஃபாதரைக் கூட்டி வந்தாள். "அம்மா, அது வெறும் படம்தானே" என்றார் அவர். "பீடத்துக்குப் பின்னால மாட்டியிருக்கறதும் படம்தானே, ஃபாதர்?" என்றேன். காப்பி ஆறுகிறது என்று போய்விட்டார்.

இதற்கிடையில் கிறிஸ்துமஸ் மடல் சேமிக்க இடமில்லாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. அச்சாகி வந்தபிறகுதான் தெரிந்தது. இடையர்கள் விரைந்து புறப்பட்டார்கள், பெத்லகேம் போய்ச் சேரவில்லை. நள்ளிரவுப் பூசை நேரமும் இல்லை. மரியஅந்தோணி இதைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துடுவோம், உர்சுலா பார்த்துக்கட்டும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். உன் சித்தப்பா போனதிலிருந்து அந்த மடலை ஒரு பிழை இல்லாமல் டைப் செய்து வருகிறவள் நான். அந்த நாற்காலியை விட்டு என்னை எழுப்பினால் வீட்டில் நான்கு சுவரோடு உட்கார்ந்து என்ன செய்வேன், சொல்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். தொட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒரு சிறு நெருப்பு வரைந்து கொடு. நெருப்பில் போட எனக்கு மறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் செய்வதாக எழுதிக் கொடுத்தால் பேரவையில் காட்டுவேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் காவல் என்றும் இருக்கட்டும்.

உன் சின்னம்மா,
பிலோமினம்மாள்

பின்குறிப்பு: வாரம் முழுக்க மழை, இந்த முழங்காலோடு தபாலாபீஸ் போக முடியவில்லை. அதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. உர்சுலா எழுந்து, "என்னால முடியாது அங்கிள், ஆன்ட்டி மவுஸ்ல என்னைவிட ஃபாஸ்ட்டு லா" என்றாள். வேலை என்னிடமே இருக்கிறது. மரித்தோர் பெயர்களையும் நவநாளையும் தனி டிஸ்கில் ஏற்றிப் பூசைப் பொருள் அலமாரியில் பூட்டி வைக்க ஃபாதர் சம்மதித்தார். அதன்பின் மரியஅந்தோணி வந்து, தன் கிறிஸ்துமஸ் நன்றியுரையை ஐந்தாம் முறையாக மாற்றிக் கொடுத்து, பழைய நான்கையும் தூக்கிப் போடச் சொன்னார். ஒவ்வொன்றாக இழுத்துப்போய்த் தொட்டியில் போட்டேன். தொட்டி வயிறு புடைத்து நின்றது. அருளானந்தம், இப்படி ஒரு நிம்மதியை நான் வெகுநாளாக அனுபவித்ததில்லை. நெருப்பெல்லாம் வேண்டாம், தொட்டியே இருக்கட்டும். அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா? போன் செய்யாதே, எழுத்தில் பதில் அனுப்பு.